ஏலக்காய் மணத்த மாசிச் சம்பல்

கண் மங்கினால் மனிதன் ஊருக்கெல்லாம் சொல்கிறான். காது மந்தமானால் அவன் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. மூக்கு செத்துப்போனால் மட்டும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அது பழையபடி முகத்தின் நடுவில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்ல வசதியான உறுப்பு அதுதான் என்பது என் அனுபவம். செத்த மூக்கை வைத்துக்கொண்டு சில வருடங்கள் உயிருள்ள மூக்கின் உத்தியோகத்தைப் பார்த்தவன் நான். அந்த உத்தியோகம் மக்காவில், ஒரு விடுதியின் வரவேற்புக் கூடத்தில், எங்கள் மாவட்டத்து உம்ராப் பயணிகள் முன்னிலையில் பறிபோனது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

இராமநாதபுரத்தில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆய்வகத்தின் வாசலில் நின்றே, உள்ளே எந்தச் சோதனைக் குழாயில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதே அதிகாரம். மீன் வந்தால் செதிலைத் தூக்கி மோந்து பார்த்து, இது இன்றைய சீலா, இது ஐஸில் கிடந்தது என்று தீர்ப்புச் சொல்வேன். ரசத்தில் பெருங்காயம் கூடினாலும் தலையணை உறையில் ஈரம் இருந்தாலும் முதலில் எழுகிற குரல் என்னுடையது. (வீட்டில் இருந்தவர்கள் இதை ஒரு திறமையாக எடுத்துக்கொண்டார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.)

என் மனைவி ஹபீபா புதுமடத்துக்காரி. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்குவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். மாமனார் வீட்டு மாடியறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தனிச் சாப்பாடு, தனி விரிப்பு, தனி மரியாதை. இவ்வளவு மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டவன் அதை எங்காவது செலவழித்தாக வேண்டும். நான் மூக்கு வழியாகச் செலவழித்தேன்.

ஒரு மதியம் அவள் அடுப்படி வேலையை முடித்துவிட்டு மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தினேன்.

"ஏதோ வாடை வருதே. குளிச்சியா நீ?"

"காலையிலயே குளிச்சேனே."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விட்டுப் பழக்கமில்லை. "தன் வாடை தனக்குத் தெரியாது. மூக்கு கொஞ்ச நேரத்துல அதுக்குப் பழகிப்போயிரும். இது விஞ்ஞானம்" என்றேன்.

விஞ்ஞானப்படி அது சரிதான். அவள் இறங்கிப்போய், கிணற்றடியில் இன்னொரு முறை குளித்துவிட்டு வந்தாள். புதுப் பெண்டாட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று நான் மறுபடி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஹபீபா கூட்டங்களில் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டில் சன்னலை ஒட்டி, பேருந்தில் கடைசி வரிசையில், பெண்கள் கூடி ஓதும் இடத்தில் வாசற்படிக்குப் பக்கத்தில். தன் மூக்கைத் தானே நம்புவதையும் விட்டுவிட்டாள். எங்கே புறப்பட்டாலும் என் நாற்காலிக்கு எதிரே வந்து, துப்பட்டியைச் சரிசெய்தபடி ஒரு கணம் நிற்பாள். நான் தலையாட்டினால் கிளம்புவாள். புருஷனிடம் சொல்லிக்கொண்டு போகிற பெண் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பிள்ளை பிறந்து, இராமநாதபுரத்துக்கு வீடு மாறி, நான் ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகும் அந்த நிற்பது நிற்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. எனக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். மணலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

இதை வீட்டில் சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். நான் சொல்லவில்லை. பாடம் நடத்துவதும் போய், மூக்கும் போனால், அந்த வீட்டில் எனக்கு மிச்சமிருந்த பதவி மின்சாரக் கட்டணம் கட்டுவதுதான். ஆகவே நடித்தேன். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, யாராவது மூக்கைச் சுளிப்பதற்கு அரை நொடி முன்னால் நான் சுளித்துவிடுவேன். பிரியாணிச் சட்டியின் மூடி திறக்கும் முன்பே "நல்ல மணம்" என்பேன். ஒருமுறை அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் புகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஹபீபா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். "தெரிஞ்சுதான் விட்டேன். நீ எப்ப கவனிக்கிறன்னு பாத்தேன்" என்றேன். அவள் அதையும் நம்பினாள். என் மூக்கை அந்த அளவுக்கு நம்பினாள் அவள்.

நடிப்பென்றால் அரைகுறையாக விடக்கூடாது என்பது என் கொள்கை. மூக்கு உயிரோடு இருந்தபோது செய்துவந்த வேலைகளில் எதையும் நான் நிறுத்தவில்லை. எதையும் என்றால் எதையும். பிறகு அதற்கு வருகிறேன்.

ஹபீபாவின் தங்கை மும்தாஜ் உச்சிப்புளியில் இருக்கிறாள். வாய்த்துடுக்கு, கை தாராளம், வருகிறபோதெல்லாம் எனக்கு ஒரு கிண்டலும் ஒரு பொட்டலம் மாசியும் கொண்டுவருவாள். (மாசி என்றால் சூரை மீனை அவித்து, கட்டைபோல இறுகும்வரை காயவைத்த கருவாடு. அதைத் தட்டி, மிளகாயும் வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்தால் தெருமுனை வரை தெரியும்.) அவள்தான் அக்காவிடம், மக்காவுக்கு உம்ராப் பயணம் போகும் பேச்சை எடுத்தாள்.

"லாத்தா, ஒரு குழு கெளம்புது. நானும் பேரு குடுத்துட்டேன். நீயும் மச்சானும் வாங்க."

ஹபீபாவுக்கு அது வெகுநாள் ஆசை. ஆனாலும் முகம் மலரவில்லை. அன்று மாலை, துணி மடித்துக்கொண்டே, உம்ரா முடியும்வரை காக்கவேண்டிய இஹ்ராம் கட்டுப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"இஹ்ராம்ல வாசனைச் சோப்பு கூடாதுல்ல?"

"கூடாது. அத்தர், பவுடர், செண்டு ஒண்ணுமே ஆகாது."

"அவ்வளவு கூட்டத்துல, தோளோட தோள் உரசிக்கிட்டுச் சுத்தணுமே" என்றாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே, "வாசனையே இல்லாம, வாடைய மட்டும் நிறுத்துற மாதிரி ஏதாச்சும் இருக்கா? நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவுக. பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு வருடம் இருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு ஓர் ஆராய்ச்சி கிடைத்துவிட்டது என்பதுதான் உறைத்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்வையை நிறுத்துகிற பூச்சு வேறு, வாடையை நிறுத்துகிற டியோடரன்ட் வேறு என்பதிலிருந்து தொடங்கினேன். முதல் வகையில் அலுமினிய உப்புகள் வியர்வைத் துளைகளை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் வகை வியர்வையை விட்டுவிடும். அதைத் தின்று வாடையாக்குகிற கிருமிகளை மட்டும் தடுக்கும். வியர்வைக்கு என்று தனியாக வாடை பெரிதாகக் கிடையாது. இந்தச் செய்தியை ஹபீபாவிடம் கொண்டுபோனேன்.

"அப்ப வாடை என்னுது இல்லையா?" என்றாள்.

"கிருமியோடது."

"கிருமி என்னுதுதானே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மும்தாஜிடம் கேட்டிருந்தால் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்காமலே சொன்னாள். "படிகாரக் கல்ல தண்ணியில நனைச்சு ரெண்டு தேய் தேய்ச்சா போதும் மச்சான். வாசமும் கெடையாது ஒண்ணும் கெடையாது." இது எனக்கும் தெரியும். நூல் கட்டித் தொங்கவிட்டுப் படிகாரப் படிகம் வளர்க்கும் வித்தையை வருடந்தோறும் பையன்களுக்குக் காட்டியவன் நான். ஆனால் படிகாரம் என்று ஒத்துக்கொண்டால் என் ஆராய்ச்சி அங்கேயே படுத்துவிடும். நாட்டுமருந்துக் கடையில் கைப்பிடி அள்ளிக் கொடுக்கிற பொருளுக்கு முதுகலைப் பட்டம் எதற்கு? ஆகவே, "படிகாரமும் அலுமினியந்தான் தெரியுமா" என்றேன். அது உண்மை. அந்த அலுமினியமும் துளையடைக்கிற அலுமினியமும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை என்ற மீதி உண்மையை நான் சொல்லவில்லை.

கூரியரில் முதலில் வந்தது சமையல் சோடா கலந்த ஒரு களிம்பு. விஞ்ஞான முறைப்படி என் மீதே சோதித்தேன். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம், இரண்டும் சேர்ந்தால் என்னவாகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அந்தப் பாடம் மறுநாள் காலையில் என் இரண்டு அக்குளிலும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அடுத்த சில நாட்கள் இரண்டு கைகளையும் உடம்பில் ஒட்டாமல் விரித்தபடி நண்டுபோல நடந்தேன். பள்ளிவாசலில் ஒருவர், "சார், ஜிம்முக்குப் போறீகளா? உடம்பு ஏறியிருக்கே" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்ததாக வந்ததுதான் அந்த டப்பா. சிறிய தகர டப்பா, மேலே ஓர் இலையின் படம், முத்திரைத்தாள் ஒட்டியது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தேங்காய் எண்ணெய், நல்லது. கூகைக்கிழங்கு மாவு, ஈரத்தை உறிஞ்சும். தேன்மெழுகு, இறுகப் பிடிக்கும். சோடா இல்லை. அலுமினியம் இல்லை. சாராய வகை எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஹபீபாவை அழைத்து விளக்கம் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

கடைசியில் லத்தீன் மொழியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பெலர்கோனியம் என்று தொடங்கியது, மற்றது கனங்கா என்று. செடிகளின் எண்ணெய் என்ற அளவுக்குப் புரிந்தது. தாவரவியல் என் பாடமல்ல. எண்ணெய்தானே, தேங்காய் எண்ணெய்க்குத் துணையாகப் போட்டிருப்பார்கள் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். அவை பூக்களிலும் இலைகளிலும் இருந்து வடிக்கப்படும் வாசனை எண்ணெய்கள் என்பதைக் கைப்பேசியில் தேடியிருந்தால் கண்டிருக்கலாம். தேவையில்லை என்று நினைத்ததற்குக் காரணம், டப்பாவின் முன்பக்கத்தில் "செயற்கை நறுமணம் இல்லை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதை "நறுமணம் இல்லை" என்று படித்தேன். வினாவை முழுதாகப் படியுங்கள் என்று முப்பது வருடம் கத்தியவன் முதல் சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

முத்திரைத்தாளைக் கிழித்து டப்பாவைத் திறந்தேன். ஹபீபா எதிரில் நின்றாள். நான் மூக்குக்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன். உள்ளே காற்று போனது.

"சுத்தம். ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். தயங்கினாள். "எனக்கு ஏதோ பூ மாதிரி வருதே."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து, எனக்கு மூக்கு இல்லை ஹபீபா, உன் மூக்கை நம்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னது இது: "அது பிரமை. உன் மூக்கு எப்பவுமே அப்படித்தான். உன் வாடையே உனக்குத் தெரியாது, இது தெரியப்போகுதாக்கும்."

"அதுஞ்சரிதான்" என்றாள். மூடியைத் திருகி, டப்பாவை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பயணப் பையில் வைத்தாள். சித்திரை வெயிலில் அது கஞ்சியாக உருகியதால், பிறகு குளிர்பெட்டியில் மீன் மசாலாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பயணத்தன்று மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

விமானத்தில் இஹ்ராமுக்கான நிய்யத்தை மனதில் உறுதியாக வைத்தோம். அதன் பிறகு உம்ராவை முடிக்கும்வரை நகம் வெட்டக்கூடாது, முடி களையக்கூடாது, வாசனை எதுவும் தொடக்கூடாது. தெரிந்தே மீறினால் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்யவேண்டும். எங்கள் குழுவை அழைத்துப்போன ஹஜ்ரத் மார்க்கம் கற்ற இளைஞர், பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். ஜித்தாவில் இறங்கி, பேருந்தில் மக்கா வந்து, விடுதியில் பைகளைப் போட்டோம். எல்லோரும் முகம் கைகால் கழுவி உளுச் செய்துவிட்டுக் கீழே கூடவேண்டும், ஒன்றாகக் கஅபா இருக்கும் ஹரமுக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு. ஹபீபா குளியலறையில் வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வழக்கம்போல என் எதிரே வந்து நின்றாள். நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

கீழே கூடத்தில் எங்கள் குழு முழுவதும் நின்றது. ஹஜ்ரத் பேசத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "எங்கிட்டோ பூ வாசம் வருதே. யாரும் அத்தர் பூசுனீகளா?" என்றார்.

"எனக்கும் வருது" என்றார் இன்னொருவர்.

ஹஜ்ரத் பேச்சை நிறுத்தினார். ஆண்கள் தங்கள் துண்டுகளை மோந்தார்கள். பெண்கள் கைப்பைகளை மோந்தார்கள். ஒரு பெரியவர் தன் செருப்பைக் கழற்றி மோந்தார். நான் மோக்கவில்லை, சத்தம் போட்டேன். "இங்கன ஒரு வாசமும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியாமப் போகாது" என்றேன். யாராவது சந்தேகப்பட்டுவிடக்கூடாதே என்று, "என் மூக்கப் பத்தி ராம்நாடு பூராவும் கேட்டுப் பாருங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஹபீபா மெல்ல மெல்லப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு இறுக்கியிருந்தாள். நாற்பது வருடமாக எந்த வார்த்தையைக் கேட்கக்கூடாது என்று ஓரமாகவே உட்கார்ந்தாளோ, அது கூடத்தின் நடுவில் எல்லோர் வாயிலும் இருந்தது. பூ வாசம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவள் காதில் என்ன விழுந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

மும்தாஜ் ஒவ்வொருவராக மோந்துகொண்டு வந்து, அக்காவிடம் வந்து நின்றாள். ஹபீபாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தான் போல" என்றாள் ஹபீபா. எல்லோருக்கும் கேட்டது.

அவள் பூசிய அந்த டப்பாவை அறையிலிருந்து எடுத்துவந்தார்கள். ஹஜ்ரத் திறந்து மோந்தார். "சார், இது பூந்தோட்டமால்ல இருக்கு" என்றார். நான் விடவில்லை. இது இயற்கைப் பொருள், செயற்கை நறுமணம் சேர்க்காதது, கூகைக்கிழங்கு மாவின் பயன் என்ன என்று ஒரு பாடவேளையைத் தொடங்கினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "இயற்கையா வந்தாலும் வாசனை வாசனைதானே சார். வாங்கும்போது மோந்து பாக்கலையா?" என்றார்.

"பாத்தேனே. ஒண்ணும் வரல."

மும்தாஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தோள்பையில் கைவிட்டு ஏதோ துழாவினாள். "மச்சான், கொஞ்சம் கண்ண மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்க. உங்க மூக்குக்குத்தான் ராம்நாடே சாட்சியாச்சே."

மூடினேன். காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. மூக்குக்கு அருகே ஏதோ வந்தது. அங்கே ஒன்றுமே இல்லை, எப்போதும்போல. நான் மூளையை ஓட்டினேன். பயணம், பெண்ணின் கைப்பை, காகிதப் பொட்டலம். குமட்டலுக்கு வைத்திருப்பாள். நிதானமாக இழுத்து, ரசித்து, "ஏலக்காய்" என்றேன்.

முதலில் அந்தச் செருப்புப் பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் திறந்தேன். விமானத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மும்தாஜ் கட்டிவந்த மாசிச் சம்பல், மிச்சப் பொட்டலம், என் மேலுதட்டில் படுகிற தூரத்தில் இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த வேற்றுநாட்டுப் பையன் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். கூடம் முழுவதும் சிரித்தது. ஹஜ்ரத்துகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லாத்தா," என்றாள் மும்தாஜ், "இவுகளுக்கு மூக்கே இல்ல. இவுக சொன்னாகன்னா நீ இதப் பூசுன?"

ஹஜ்ரத் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹபீபாவிடம், "உம்மா, நீங்க தெரியாமப் பூசுனது. உங்க மேல ஒண்ணுமில்ல. போய்க் கழுவிட்டு வாங்க, காத்திருக்கோம்" என்றார். பிறகு என் பக்கம் வந்து தணிந்த குரலில், "சார், பொய்ச் சர்ட்டிபிகேட்டுக்கு இங்க ஆடு அறுத்துத் தீர்த்துக்க வழியில்ல. அத நீங்க அவுகளோடதான் தீத்துக்கணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தபோது ஹபீபா சிரிக்கவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்பருந்து?" என்றாள்.

"கொரோனாலருந்து."

"வாசமே தெரியாதா?"

"துளியும்."

மின்தூக்கி வந்தது. அவள் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு மேலே போய்விட்டது.

"அப்ப போன பெருநாளைக்கு, மருமகன் வீட்டு ஆளுக எல்லாம் வந்திருக்கையில, என்னயத் தனியாக் கூப்பிட்டு, போய் இன்னொருக்கா குளிச்சிட்டு வான்னு சொன்னீகளே. அது?"

முன்பு வருகிறேன் என்று சொன்னது இதுதான். மூக்கு செத்த பிறகும் நான் நிறுத்தாமல் பார்த்துவந்த வேலைகளில் இதுவும் ஒன்று. மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வேன். சொல்லாவிட்டால் மூக்கு போனது தெரிந்துவிடும் என்ற பயம்.

"அது பழக்கத்துல வந்துருச்சு" என்றேன்.

"பழக்கத்துல" என்றாள்.

பெருநாளன்று அவள் புதுச் சேலையைக் களைந்து குளித்து, ஈரத்தலையோடு விருந்தாளிகளுக்குப் பரிமாறி, பிறகு அடுப்படியை விட்டு வெளியே வராமலே இருந்தது நினைவுக்கு வந்தது.

"மொதமொதல்ல சொன்னீகளே, எங்க வீட்டு மாடியில. அப்ப மூக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அது என் வாடைதானா?"

நான் அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தேன். மாடியறை, சன்னல், சன்னலுக்கு வெளியே மொட்டைமாடி. மொட்டைமாடியில் மாமியார் காயப்போட்டிருந்த சூரைத் துண்டுகள், மேலே வலை, வலைமேல் காக்கைக்குக் கட்டிய கறுப்புத்துணி. கடற்காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது நினைவில்லை. நான் எழுந்து சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

"தெரியல" என்றேன்.

அன்று நான் சொன்னவற்றிலேயே முழு உண்மை அது. அவள் தலையாட்டினாள். மின்தூக்கி மறுபடி வந்தது. ஏறிப் போனாள்.

தேங்காய் எண்ணெயும் மெழுகும் வெறும் தண்ணீரில் போகாது. வேதியியல் ஆசிரியனான நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், மும்தாஜ் தன் பையிலிருந்து வாசனையில்லாத சோப்பும் ஒரு துண்டு படிகாரமும் எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னாலேயே ஓடினாள். அந்தக் கல்லை அவள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். என்னை நம்பாத ஒரே ஆள் அவள்தான் என்பதற்கு அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஹரமுக்குப் போனோம். கஅபாவை ஹபீபா ஓரமாக, கூட்டம் ஒதுங்கும் இடமாகத்தான் சுற்றுவாள் என்று எண்ணி, நான் ஓரத்திலேயே நின்று கையை நீட்டினேன். அவள் மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடுக்கூட்டத்துக்குள் போனாள். யார் யாருடைய தோளோ அவள் தோளில் இடித்தது. அவள் முழங்கைகள் விலாவை விட்டு விலகியிருந்தன. ஒரு சுற்று முடிகையில் கூட்டத்துக்குள் தேடினேன், தெரிந்தாள். அடுத்த சுற்றில் தெரியவில்லை. கஅபாவுக்கு முன்னால் நின்று நான் கேட்ட முதல் துஆ, என் மூக்கைத் திருப்பிக் கொடு என்பது. அவளுக்கென்று ஒன்று கேட்கவேண்டும் என்ற நினைப்பு வந்தபோது சுற்று முடிந்துவிட்டது.

ஊர் திரும்பும் முன்பே கதை திரும்பிவிட்டது. மும்தாஜ் மக்காவிலிருந்தே என் மகளுக்குச் சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் கருவாடு வறுத்தால், "வாப்பா, ஏலக்காய் வாசம் வருதா?" என்று மகள் கேட்காமல் விடுவதில்லை. பேத்தியின் வீட்டுப்பாடத்தில் தப்பு இருந்தால் அதற்குப் பெயர் ஏலக்காய். அக்கம்பக்கத்தில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசினால், "ராம்நாடு பூராவும் கேட்டுப் பாருங்க" என்கிறார்கள். விருந்துகளில் மும்தாஜ் அதை நடித்துக் காட்டுவாள், நான் கண்ணை மூடி ரசித்து இழுத்ததையும் சேர்த்து. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதிகமாகச் சிரிப்பவள் ஹபீபா. மின்தூக்கிக்குப் பக்கத்தில் நடந்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அதனால் இந்தக் கதை இன்றுவரை வேடிக்கையாகவே இருக்கிறது.

மூக்கு திரும்பவில்லை. மருத்துவர் இனி வராது என்கிறார். கடலின் வாடை, சாக்பீஸின் வாடை, மழைக்கு முந்திய மண், இவையெல்லாம் யோசித்தால் ஓரளவு நினைவுக்கு வருகின்றன. ஹபீபாவின் வாடை என்ன என்று எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை. நான் இத்தனை வருடம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது எதை என்று எனக்கே தெரியவில்லை.

குளியலறையில் சோப்புத் தட்டுக்குப் பக்கத்தில் இப்போது படிகாரக் கல் ஈரமாக இருக்கிறது. அவள் குளித்துவிட்டு வருகிறாள், அறைக்குள் துப்பட்டியை எடுக்கிற சத்தம் கேட்கிறது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்திரிகையைத் தாழ்த்துகிறேன். "உச்சிப்புளிக்குப் போயிட்டு வாரேன்" என்ற குரல் நடையிலிருந்து வருகிறது. பிறகு வெளிக்கதவின் தாழ்ப்பாள்.